குடவாயில் தண்ணீரும் குலத்தின் வாளும்

புறநானூற்றுத் தாய் வந்து நிற்காத தமிழ் மேடை உண்டோ? மணவிழா மேடையாயினும் தேர்தல் மேடையாயினும், பட்டிமன்றமாயினும் பள்ளி ஆண்டு விழாவாயினும், மகன் மார்பில் புண்பட்டு மாண்டான் எனக் கண்டு மகிழ்ந்த அந்த மூதாட்டியைக் காட்டாமல் கூட்டம் கலைவதில்லை. பேச்சாளர் குரலை உயர்த்துகிறார், கையொலி எழுகிறது, நாமும் தட்டுகிறோம். தட்டிய கை ஓய்ந்தபின், வீடு திரும்பும் வழியில், நம் இளைஞர்கள் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். நாம் எதற்காகக் கை தட்டினோம்?

புராணங்களைக் கேள்வி கேட்டவர்கள் நாம். இராமன் செய்தது முறையா, ஏகலைவன் கட்டைவிரல் எவருக்காக அறுபட்டது என்று கேட்கத் துணிந்தவர்கள் நாம். அந்தத் துணிவு புறநானூற்றின் வாயிலில் வந்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவானேன்?

புறநானூறு அச்சேறியது 1894-இல். அப்போது குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒப்பிட்டுப் பதிப்பித்தார். அவதாரக் கதைகளையும் தலபுராண அற்புதங்களையும் கேட்டுக் கேட்டுச் சலித்த காதுகளுக்கு, மனிதரை மனிதராகப் பாடும் நூல் ஒன்று கிடைத்தது. தமிழனுக்கு ஒரு முகம் கிடைத்தது. அதை நாம் கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் கொண்டாடுவது வேறு, தொழுவது வேறு. தொழத் தொடங்கிவிட்டால் எந்த ஏடும் வேதமாகிவிடும். வேதத்தை மறுத்தவன் தன் வீட்டு அலமாரியில் இன்னொரு வேதத்தை வளர்க்கலாமா?

ஆகவே, புறநானூற்று மறக்குடியின் மானத்தை இன்று நிறுத்துப் பார்ப்போம். பழிக்க அன்று, படிக்க.

குடவாயிற் கோட்டத்தில்

நாம் பேசப்போகும் களங்களிற் சில, காவிரிப் படுகை மக்கள் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் ஊர்கள். குடந்தையிலிருந்து திருவாரூர் செல்லும் வழியில் இருக்கிறது குடவாசல். சங்க நாளில் அதன் பெயர் குடவாயில். அங்கே சோழனுக்கு ஒரு சிறைக்கோட்டம் இருந்தது. சோழன் செங்கணானொடு பொருது தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை அந்தக் கோட்டத்தில் தளைப்பட்டுக் கிடந்தான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். காவலர் உடனே கொடுக்கவில்லை, காலந்தாழ்த்திக் கொடுத்தனர். கையில் வாங்கினான், குடிக்கவில்லை, ஒரு பாட்டைச் சொல்லி உயிர்விட்டான். அதுவே 74-ஆம் பாட்டு என்று அதன் அடிக்குறிப்பு கூறுகிறது. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனைச் சிறைமீட்டார் என்று வேறொரு வழக்கும் உண்டு. எது வரலாறு என்பது இங்கே நம் வழக்கன்று. பாட்டு நிற்கிறது; அது சொல்வதைக் கேட்போம்.

அதன் கருத்து இது: எங்கள் குடியில் குழந்தை இறந்து பிறந்தாலும், உருவம் அமையாத தசைப்பிண்டமே பிறந்தாலும், 'இது ஆள் அன்று' எனக் கழித்துவிடமாட்டார்கள், அதையும் வாளால் வெட்டுவார்கள். அப்படிப்பட்ட குடியினர், சங்கிலியில் கட்டிய நாய்போலக் கிடந்து, ஈரமற்ற பகைவரிடம் வயிற்றுத்தீத் தணியத் தண்ணீர் இரந்து உண்ணும் ஒருவனைப் பெறுவார்களோ?

இந்தப் பாட்டைப் படித்துக் கலங்காத நெஞ்சம் இல்லை. நாமும் கலங்குகிறோம். ஆனால் கலங்கியபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், இதில் இரண்டு மானங்கள் ஒரே கயிறாய் முறுக்கப்பட்டிருப்பது தெரியும். ஒன்று, அவமதிக்கப்பட்ட ஒரு மனிதன், 'இப்படித் தரும் தண்ணீர் எனக்கு வேண்டா' என்று மறுப்பது. அது அவனுடையது. எந்தச் சிறையிலும், எந்த நாட்டிலும், எந்த ஏழையும் அப்படி மறுக்கலாம். அவன் தாத்தா யார் என்று நாம் கேட்கமாட்டோம். மற்றொன்று, 'என் குடியில் பிண்டத்தையும் வெட்டுவர். ஆதலால் நான் குடியேன்' என்பது. அது அவனுடையது அன்று. இறந்தவர்கள் அவன் தலையில் எழுதிவைத்த கடன். சாகும்போதும் தன் மறுப்புக்குத் தன்னிடம் காரணம் தேடாமல், முன்னோர் வாளிடம் போய்க் காரணம் கேட்கிறான் அந்த அரசன். அவன் துயரத்தில் பெருந்துயரம் அதுவே.

அந்தச் சடங்கை எண்ணிப் பாருங்கள். வாழவே வாழாத ஓர் உயிர். அதற்கும் வீரச்சாவு வேண்டுமாம்! தாயின் வயிற்றிலேயே மாண்ட சிசுவுக்கும் வாள் என்ற தேர்வு உண்டாம். அதில் தேறினால்தான் குடியில் இடமாம்! இங்கேதான் பகுத்தறிவு ஒரு கேள்வி கேட்கிறது. மானம் பிறப்பால் வருவது என்றால் சோதனை எதற்கு? சோதனையால் வருவது என்றால் பிறப்பு எதற்கு? இந்த இரண்டில் எதையும் விட முடியாமல் இரண்டையும் இறுகப் பற்றிக்கொண்ட குடி, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சோதனைக் கல்லில் உரைத்துக்கொண்டேயிருக்கும். உரைத்து உரைத்துத் தேய்ந்தவை பிள்ளைகளின் உயிர்கள்.

அந்தச் சோழன் யார்? எழுபது மாடக்கோயில்கள் எடுத்தவன் என்று திருமங்கையாழ்வார் புகழும் கோச்செங்கட் சோழனே இவன் என்பது மரபு. எழுபது கோயிலுக்கு இடமிருந்த சோணாட்டில், தாகித்துக் கிடந்த கைதிக்குக் காலத்தில் ஒரு குவளைத் தண்ணீர் இல்லை! காவிரி அன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

புண்ணே சாட்சி, புண்ணே தீர்ப்பு

தஞ்சையிலிருந்து நீடாமங்கலம் போகும் வழியில் கோயில்வெண்ணி. அதுவே பழைய வெண்ணிப்பறந்தலை. கரிகாலன் சேரமான் பெருஞ்சேரலாதனை வென்ற களம். சோழன் எறிந்த வேலால் சேரன் முதுகிலும் புண் உண்டாயிற்று. அவன் புறங்காட்டி ஓடவில்லை. மார்பைக் குறித்து எறிந்த வேலே அந்தப் புண்ணைச் செய்தது என்றே உரைகாரர் பொருள் கொள்வர். ஆயினும் புண் முதுகில் தெரிகிறது. அது போதும்! பார்த்தவர் சாட்சி வேண்டியதில்லை. பக்கத்தில் நின்றவன் சொல் வேண்டியதில்லை. புண் இருக்கும் இடமே சாட்சி, அதுவே தீர்ப்பு. நாணிய சேரன் வாளொடு வடக்கிருந்து உயிர்விட்டான். அதைக் கேட்ட சான்றோர் பலரும் உடன் மாண்டனர் என்கிறார் மாமூலனார், அகநானூற்று 55-ஆம் பாட்டில். ஒரு புண், அதற்கு எத்தனை பிணங்கள்!

நம் மேடைத் தாயும் இந்த நீதிமன்றத்திலிருந்து வந்தவள்தான். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278-ஆம் பாட்டை மறுபடி படியுங்கள். நரம்பெழுந்து வற்றிய தோளுடைய கிழவி. உன் மகன் புறமுதுகிட்டான் என்று பலரும் கூறுகின்றனர். அப்படியானால் அவனுக்குப் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று சினந்து வாளேந்திக் களம் புகுகிறாள். பிணங்களைப் புரட்டுகிறாள். துண்டுபட்டுக் கிடந்த மகனைக் காண்கிறாள். பெற்ற நாளினும் பெரிது மகிழ்கிறாள்.

மேடையில் நாம் கவனிக்கத் தவறும் சொல், 'பலர்' என்பது. அந்தத் தாயைக் களத்துக்கு ஓட்டியது பகைவன் அல்லன், ஊர்வாய். மகன் உயிரோடு இருக்கிறானா என்று தேட அவள் போகவில்லை. புண் எங்கே இருக்கிறது என்று தேடப் போனாள். பெற்ற வயிற்றை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திய ஊர்வாய்க்கா நாம் கை தட்டுகிறோம்? பாடியவர் ஒரு பெண். அவர் அந்த மகிழ்ச்சியை வியந்து பாடினாரா, அதன்முன் விறைத்து நின்று பாடினாரா? பாட்டு இரண்டுக்கும் இடம் தருகிறது. மேடை ஒன்றுக்குத்தான் இடம் தருகிறது.

புண்படாமல் நோயால் இறந்த அரசன் கதி என்ன? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தனர். அதியமானைப் பாடும் ஔவையாரின் 93-ஆம் பாட்டு அதைக் காட்டுகிறது. பிணத்தைப் புல்லின்மேல் கிடத்தி, போரில் வீழ்ந்த மறவர் செல்லும் உலகுக்கே செல்க என்று சொல்லி, நான்மறை அறிந்தோர் வாளால் பிளந்து அடக்குவராம். இறந்த உடலுக்கு வீரச் சான்றிதழ்! படுக்கையில் மாண்டவனைப் பலர் முன்னிலையில் வெட்டிவிட்டுப் போரில் மாண்டவனாகக் கணக்கில் எழுதிக்கொள்வது! வாள் மறவனுடையது, மந்திரம் மறையோனுடையது, கூட்டு வாணிகம் எப்போது தொடங்கியது என்பதற்கு வேறு கல்வெட்டு வேண்டுமா?

புகாரில் வெற்றி வேண்டித் தம் தலையைத் தாமே அரிந்து பலிபீடத்தில் வைத்த வீரரைச் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை காட்டுகிறது. தஞ்சைக்கு அருகே பசுபதிகோயிலை ஒட்டிய புள்ளமங்கையில், சோழர் காலக் கோயிலில், கொற்றவையின் இருமருங்கும் தம் உடலைத் தாமே அரிந்து பலிதரும் வீரர் இன்றும் கல்லில் மண்டியிட்டிருக்கின்றனர். அரசனுக்காக உயிர்விடச் சூளுரைத்த வேளைக்காரப் படைகளின் பெயர்கள் தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லில் உளியின் அழகைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வீரன் கழுத்தில் இருக்கும் கத்தியையும் பாருங்கள்.

துடி கொட்டியவன் மானம்

இத்தனை மானமும் யாருக்கு? 287-ஆம் பாட்டில் சாத்தந்தையார் களத்தைக் காட்டுகிறார். துடி முழங்க வேண்டும். முழங்கினால்தான் மறவன் கால் நகரும். ஆனால் அந்தத் துடியைக் கொட்டுகிறவனையும் குறுந்தடி பிடித்தவனையும் பாட்டு எப்படி அழைக்கிறது? இழிபிறப்பினர் என்ற வசைச்சொற்களால் அழைக்கிறது. அம்பு மழையில் அவனும் நிற்கிறான். அவன் மார்பிலும் அம்பு பாயும். அவன் புண் எங்கே இருந்தது என்று தேட எந்தத் தாயும் பாட்டில் வரவில்லை. குடிப்பிறப்பால் மானம் வரும் என்று சொல்லும் சமுதாயம், அதே மூச்சில் குடிப்பிறப்பால் இழிவும் வரும் என்று சொல்லியே தீரும். ஒன்று நாணயத்தின் தலை, மற்றொன்று பூ.

அதே பாட்டு மறவனுக்கு என்ன கூலி சொல்கிறது தெரியுமா? மருதநிலத்து ஊர்களைப் பரிசாகப் பெறுவது என்ன பெரிது? மாண்டால் மேலுலகில் மாசற்ற மகளிர் மணம் கிடைக்குமே என்கிறது! நெல்விளையும் நாட்டில் பிறந்த நாம் இதைச் சிரிக்காமல் படிக்க முடியுமா? வயலைவிட வானுலகம் மேல் என்று வீரனுக்குச் சொல்லப்பட்டது. வீரன் வானுலகம் போனான். வயல் எங்கும் போகவில்லை. அது யார் கையில் தங்கியது என்பதைக் காவிரிக்கரைப் பட்டாக்களும் செப்பேடுகளும் சொல்லும்.

வாய் திறவாத மகள்

புறநானூற்றின் பிற்பகுதியில், 336-ஆம் பாட்டு முதலாக வரிசையாய் வரும் பாடல்களுக்கு மகட்பாற் காஞ்சி என்று துறைப்பெயர். மேடைகளில் அவை அதிகம் ஒலிப்பதில்லை. நம் இளைஞர்கள் முதலில் படிக்க வேண்டியவை அவையே.

கதை ஒன்றுதான். முதுகுடித் தலைவன் ஒருவனுக்கு அழகிய மகள். வேந்தன் பெண் கேட்டு வருகிறான். தந்தை மறுக்கிறான்; வேலேந்திய தன்னையர் வாயிலில் நிற்கின்றனர். வேந்தன் படையொடு சூழ்கிறான். யானைகள் கட்டிய மரங்கள் சாயும், குளம் கலங்கும், ஊர் பாழாகும் என்று புலவர்கள் இரங்குகின்றனர். வேந்தனுக்கு அஞ்சாத அந்தத் தந்தையின் துணிவு பெரிதுதான். ஆனால் பழி யார்மேல் விழுகிறது பாருங்கள். மகளை அழகாக வளர்த்த தாய்மீது விழுகிறது, பரணர் பாட்டில். மகள்மீதே விழுகிறது, மற்றொரு பாட்டில். பிறந்த ஊரையே வருத்தும் அணங்கு ஆகிவிட்டாளாம் அவள்! தந்தை பேசுகிறான், தன்னையர் பேசுகின்றனர், வேந்தன் வஞ்சினம் கூறுகிறான், புலவர் இரங்குகிறார். மகள் தன் வாயால் ஒரு சொல் பேசவில்லை. 'தகுதியில்லாதவரை இவள் மணக்கமாட்டாள்' என்று அவள் மனத்தையும் பிறரே எடுத்துச் சொல்கின்றனர். யாரை விரும்புகிறாய் பெண்ணே என்று கேட்க அந்த ஊரில் ஒருவரும் இல்லை.

வேந்தர் போயினர், யானைப்படை போயிற்று, கோட்டைகள் மண்மேடாயின. ஆனால் அந்தத் தந்தை போகவில்லை. அந்தத் தன்னையர் போகவில்லை. வாயிலில் வந்து நிற்பவன் மட்டும் மாறினான்: முன்பு படையொடு வந்த வேந்தன், இன்று ஒரு பட்டப்படிப்புச் சான்றிதழோடும் ஒரு காதலோடும் வந்து நிற்கும் சேரிப்பிள்ளை. வேந்தனை எதிர்க்க வீரம் வேண்டியிருந்தது. இந்தப் பிள்ளையைக் கொல்ல அரிவாளும் இருட்டும் போதும். இருட்டும் வேண்டியதில்லை, 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், பலர் பார்க்க வெட்டினார்களே! 2024 சனவரியில் நம் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞனை மணந்த பெண்ணொருத்தி, மணம் முடிந்த சில நாட்களில் உயிரிழந்தாள். கொன்றார்கள் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டவர்கள் அவளைப் பெற்றவர்கள்.

அன்றைய தாய் மகன் முதுகில் புண் தேடினாள். இன்றைய குடும்பம் மகளின் மணமாலையில் புண் தேடுகிறது. 'பலர் கூறுகின்றனர்' என்ற அந்த ஊர்வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

பிறவிமானம் நீதிமன்றத்திலும் வந்து சாட்சி சொல்லும். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத்தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். 1970-களில் மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்றம், செல்வமும் நிலமும் உடைய மிராசுதாரர்கள் தாமே நடந்துபோய்த் தீவைத்தார்கள் என்பதை நம்புவதற்கில்லை என்ற கருத்தோடு அவர்களை விடுவித்தது. பாருங்கள், வெண்ணியில் புண் இருந்த இடம் சாட்சி. வெண்மணி வழக்கில் மனிதன் பிறந்த இடம் சாட்சி!

'அக்காலத்து அறத்தை இக்காலத்துக் கோலால் அளக்கலாமா?' என்று புலவர் பெருமக்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. எங்கள் விடை இது: இரும்பொறையை நாங்கள் கூண்டில் ஏற்றவில்லை. அவன் காலம் அவனை அப்படி வளர்த்தது. இரண்டாயிரம் ஆண்டு கழித்து, ஒலிபெருக்கி முன் நின்று, அந்தக் குடிமானத்தையே இளைஞர் நெஞ்சில் ஊற்றுகிறவரைத்தான் கூண்டில் ஏற்றுகிறோம். 'ஆண்ட பரம்பரை' என்று சாதிமாநாட்டில் முழங்குகிறவன் வாயில் இருப்பது யார் தந்த சொல்? மூவேந்தரும் எங்கள் சாதியே என்று சுவரெல்லாம் எழுதுகிறவன் கையில் இருப்பது யார் தந்த மை? நாம் ஆராயாமல் ஊற்றிய வீரத்தை அவன் அளந்து எடுத்துச் சாதிக் குடத்தில் நிரப்பிக்கொண்டான். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கலாம். சொல்லாமல் இருப்பது அதைவிட வெட்கம்.

அந்த ஏட்டுக்குள்ளேயே

சரி, அப்படியானால் புறநானூற்றைக் கட்டி வைத்துவிடலாமா? ஒருபோதும் இல்லை! இந்த மானத்தை எதிர்த்துக் கேட்ட குரல்களும் அந்த ஏட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை மேடைக்குக் கொண்டுவரத் தவறியதுதான் நம் குற்றம்.

வெண்ணியிலேயே ஒருத்தி இருந்தாள். மண்பாண்டம் வனையும் குடியில் பிறந்த வெண்ணிக் குயத்தியார். வென்றவன் கரிகாலன், நாடே அவன் பக்கம். 66-ஆம் பாட்டில் அவள் அவன் முன்னோர் பெருமையைச் சொல்லித் தொடங்குகிறாள். முடிக்கும்போது, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே, அவன் உன்னினும் நல்லன் அல்லனோ என்று வென்றவன் முகத்துக்கு நேரே கேட்கிறாள். அவளும் அந்தச் சாவை உயர்த்தியே பேசினாள் என்பது உண்மை. அவன் வாழ்ந்திருக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. ஆனால் மறக்குடியில் பிறக்காத ஒரு பெண், குடிப்பெருமை பேசும் அரசனைத் துலாக்கோலில் வைத்து நிறுத்தாள். அந்தக் கை நமக்கு வேண்டும்.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279-ஆம் பாட்டையும் முழுதும் படியுங்கள். முன்னொரு நாள் தமையனோ தந்தையோ மாண்டான், மற்றொரு நாள் கணவன் மாண்டான். இன்றும் பறை கேட்டு, மயங்கி, ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள் தாய். மேடையில் இதை வாழ்த்தாகவே பாடுகிறோம். பாட்டோ அவள் சிந்தையைச் சபிக்கும் சொல்லோடு தொடங்குகிறது! பழிப்பது போலப் புகழ்வது அது என்பர். இருக்கட்டும். புகழ வந்தவர்க்கும் நாவில் முதலில் எழுந்தது சாபம் அல்லவா? அந்தப் பெண்பாற் புலவரின் நடுக்கத்தை நம் கையொலி இத்தனை நாளும் அமுக்கிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக 46-ஆம் பாட்டு. குடிமானத்தின் இரட்டைப்பிறவி குடிப்பகை. தந்தை பெருமை மகனுக்கு வரும் என்றால், தந்தைமேல் உள்ள பகையும் மகனுக்கு வந்தே தீரும். சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக்காலில் இட முனைந்தான். குழந்தைகள் யானையைக் கண்டதும் வேடிக்கையில் அழுகையை மறந்தன. கூடியிருந்த புதிய கூட்டத்தைக் கண்டு மருண்டன. கோவூர்கிழார் குறுக்கே வந்தார். வாளோடு வரவில்லை, சொல்லோடு வந்தார். புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ, புலவர் வறுமை தீரப் பகுத்துண்டவர் பிள்ளைகள் இவர்கள், இவர்களைப் பார், கேட்டபின் விரும்பியதைச் செய் என்றார். பிள்ளைகள் பிழைத்தன. குடிப்பெருமையை எடுத்தே குடிப்பகையைத் தடுத்த சாதுரியம் அது. ஆனால் அவரை எழச்செய்தது எந்தக் குடியும் அன்று. அழுகையை மறந்த அந்தச் சிறு முகங்கள்.

கீழ்ப்பால் ஒருவனும் கற்றால் மேற்பாலான் அவனிடம் போய் நிற்பான் என்று 183-ஆம் பாட்டில் சொன்னவன் ஒரு பாண்டிய அரசன். திருவள்ளுவர் குடிமை, மானம் என்ற அதிகாரங்களை வைத்து, அடுத்துப் பெருமை என்ற அதிகாரத்திலேதான் பிறப்பால் எல்லா உயிரும் ஒன்றே என்று நிறுத்தினார். குடியில் தொடங்கியவரும் செயலில்தான் வந்து முடித்தார்.

தன்மானமும் குலமானமும்

மானம் வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டாம். மானத்துக்காகவே பிறந்த இயக்கத்தின் பிள்ளைகள் நாம். தேநீர்க்கடையில் தனிக்குவளையை ஏற்க மறுத்தவன் காத்தது மானம். குடவாயிலில் இரும்பொறை கேட்ட தண்ணீருக்கும், நம் ஊர்ப் பொதுக்குளத்தில் மறுக்கப்பட்ட தண்ணீருக்கும் தாகம் ஒன்றே. ஆனால் அரசன் மறுத்ததைப் பாட்டாக்கி வைத்தோம். குளக்கரையில் தடுக்கப்பட்டவன் தாகத்தைக் கணக்கிலேயே வைக்கவில்லை.

தன்மானம், என்னை இழிவுபடுத்தாதே என்று பிறரிடம் கேட்கிறது. குலமானம், எனக்காகச் சாவு என்று பிள்ளைகளிடம் கேட்கிறது. தன்மானம் எனக்கு இருந்தால் உனக்கும் இருக்கும். குலமானமோ எனக்கு உயர வேண்டுமானால் உனக்குத் தாழ்ந்தே ஆகவேண்டும். தன்மானம் மகளைப் பார்த்து, உன் விருப்பம் என்ன என்று கேட்கும். குலமானம் அவள் கழுத்தைப் பார்க்கும்.

வயதுவந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் இசைவோ சாதியின் இசைவோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கௌரவக் கொலை என்று எழுதிய ஏடுகளும் இன்று ஆணவக் கொலை என்று எழுதப் பழகியிருக்கின்றன. சொல் மாறியது நல்ல அறிகுறி. கொலையில் கௌரவம் ஏது? சட்டமும் சொல்லும் தம் வேலையைச் செய்யட்டும். நெஞ்சில் ஊறிய பாட்டைச் சட்டம் திருத்தாது. அதைப் படித்துக் காட்டுகிறவன்தான் திருத்த வேண்டும்.

ஆகவே தோழர்களே, அடுத்த கூட்டத்தில் புறநானூறு பேசுங்கள், நிறையப் பேசுங்கள். பிணம் புரட்டிய தாயைச் சொன்னால், அவளை ஓட்டிய ஊர்வாயையும் சொல்லுங்கள். துடியின் முழக்கத்தைச் சொன்னால், துடியனுக்கு இட்ட பெயரையும் சொல்லுங்கள். இரும்பொறையின் மறுப்பைச் சொன்னால், அவன் குடியில் வாள்பட்ட பிண்டத்தையும் சொல்லுங்கள். பிறகு கோவூர்கிழாரைச் சொல்லுங்கள்; யானைக்கும் குழந்தைக்கும் நடுவே அவர் நின்ற இடத்தைக் காட்டுங்கள்.

அந்த இடம் இன்றும் வெறிதாகக் கிடக்கிறது. நம் தெருவில் ஒரு வீட்டின் கதவு தாழிடப்பட்டு, உள்ளே ஒரு பெண்ணின் குரல் கேட்கும் இரவில், வேலி தாண்டிப் போய் அந்த இடத்தில் நிற்கிறவன் எவனோ, அவனுக்காக நம் கையொலியைச் சேர்த்து வைப்போம்.